எத்தனை நாளைக்கு?

நாற்பது வருடமாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை என்று சொல்லமாட்டேன். விட்ட நாட்களையும் பின்னால் குறித்து வைத்திருக்கிறேன். கடைசிப் பத்துக் கொப்பிகளில் என் மனைவிக்கு அடுத்தபடியாக அதிகம் வருகிறவர் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருந்த ஒருவர். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் தீயணைப்பு உருளைகளில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் கட்டடம். அவர் குடிவந்த மாதம் நடந்த குடியிருப்பாளர் கூட்டத்தில், நமது கட்டடத்தில் பன்னிரண்டு தீயணைப்பு உருளைகள் இருக்கின்றன, இந்த ஒழுங்கையில் வேறெங்கும் அவ்வளவு இல்லை என்று தலைவர் அறிவித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பன்னிரண்டும் வேலை செய்யுமோ?"

"ஏன் செய்யாது? எல்லாம் புதுசு மாதிரித்தானே இருக்கு."

"மாதிரியெண்டது நெருப்புக்கு விளங்காது."

கூட்டம் முடிந்ததும் அவர் மாடி மாடியாக ஏறி, உருளைகளில் கட்டியிருந்த அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். நான் சங்கச் செயலாளர். கொப்பியோடு பின்னால் போனேன். காலாவதியாகாதவை இரண்டு. அதில் ஒன்று பூட்டிய அறைக்குள் இருந்தது. திறப்பு யாரிடம் என்று எவருக்கும் தெரியவில்லை.

"எழுதும் ஐசே," என்றார். "ஒண்டு."

அவர் முப்பது வருடத்துக்கு மேல் கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலில் அல்ல. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், இறைச்சி முதல் ஆணி, கயிறு, நீர்ப்பம்பி வளையம் வரை ஏற்றிக்கொடுக்கும் ஒரு கொம்பனியில். சரக்குக் கப்பல்களோடு வெளிநாட்டுப் போர்க்கப்பல்களும் அவர் கையால் சாமான் வாங்கிப் போயிருக்கின்றன. எந்த நாட்டுக் கப்பல் என்று மட்டும் ஒருபோதும் சொல்லமாட்டார். கேட்டால், "அந்தாளின்ர அடுப்படிக்குள்ள போய் வந்தனான். வெளியில வந்து பேர் சொல்லலாமே?" என்பார்.

எந்தப் பெரிய எண்ணைச் சொன்னாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "எத்தனை நாளைக்கு?" கல்யாணத்துக்கு அறுநூறு பேர் என்றால் மண்டபத்துக்குள் நுழையாமல் நேரே பின்பக்கம் போய்த் தட்டு கழுவும் இடத்தைப் பார்ப்பார். கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணத்தில் அப்படிப் பார்த்துவிட்டு வந்து, "இரண்டாம் பந்தி முக்கால் மணித்தியாலம் பிந்தும், இப்பவே இருந்திடுவம்," என்றார். நான் மரியாதைக்காகக் காத்திருந்தேன். ஐம்பது நிமிடம் பிந்தியது. அவர் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குணத்துக்கு வீட்டுக்குள்ளும் வேலை இருந்தது. அவருடைய மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். ஒரு முறை தவறினாலே நெஞ்சில் நீர் கட்டி மூச்சு முட்டத் தொடங்கும். இரண்டு முறை அடுத்தடுத்துத் தவறினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். அவர் எனக்குச் சொன்னார். நான் எழுதி வைக்கவில்லை. சந்தியில் நிற்கும் ஒரு சிங்களப் பொடியனின் ஓட்டோவை நிரந்தரமாக ஒழுங்கு செய்திருந்தார். பொடியன் என்கிறேன், நாற்பது வயது. அவன் வராத நாளுக்கு இன்னொருவன், அவனும் வராவிட்டால் இன்னொருவன் என்று மூன்று பேரின் தொலைபேசி எண்கள் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தன. நான் அவரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அக்காவுக்கு அந்தக் கதவைக் கண்டால் சிரிப்பு. "கலியாணம் கேட்டு வந்த நேரம் என்னட்டையும் கேட்டவர், சமைக்கத் தெரியுமோ எண்டு இல்லை, எத்தனை பேருக்குத் தெரியும் எண்டு," என்பார்.

பம்பலப்பிட்டியில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிறு கூடும். ஒரு முறை விவாதம் வைத்தோம்: பெரிய படை இருந்தால் ஒரு நாடு மெய்யான இராணுவ வல்லரசாகிவிடுமா? ஆகும் என்று பேசும் பக்கம் எனக்கு விழுந்தது. எனக்கு அது பிடித்த பக்கமும்கூட. இளமையிலிருந்தே படைகளின் கணக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். நாடுகளைப் படைவீரர் தொகைப்படி வரிசையாக எழுதிய நீளமான தாளொன்றைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். ஆள் இல்லாத படை எல்லையைக் காக்காது. எதிரி முதலில் எண்ணிப் பார்க்கிறான், பிறகுதான் அஞ்சுகிறான். இழப்பைத் தாங்கக்கூடியவனே கடைசியில் நிற்கிறான். இதுதான் என் வாதம். கைதட்டினார்கள்.

மறுபக்கத்தில் கடைசியாகப் பேச அவரை அழைத்திருந்தேன். கையில் தாள் இல்லை. என் அட்டவணைக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதில எத்தனை நாளைக்கு எண்டொரு வரிசை இருக்கோ?"

"என்ன எத்தனை நாளைக்கு, அண்ணை?"

"இவ்வளவு பேரையும் வீட்டை விட்டு வெளியில கொண்டுபோய் விட்டு, எத்தனை நாளைக்குச் சோறும் காலுக்குச் சப்பாத்தும் எண்ணெயும் குடுக்க ஏலும் எண்டு."

சபை சிரித்தது. பிறகு அவர் இரண்டு கதை சொன்னார். ஒரு முறை ஒரு பெரிய நாட்டின் போர்க்கப்பல்கள் ஐந்து ஒன்றாக வந்தனவாம். மேல்தளத்தில் வாத்தியக்குழு, பித்தளையெல்லாம் மினுக்கம், கரையில் படம் எடுக்கிற சனம். இரண்டு மணித்தியாலம் கழித்து ஓர் அதிகாரி இவரைத் தனியாகக் கூப்பிட்டு, குடிதண்ணீர் எவ்வளவு கெதியாக ஏற்றலாம் என்று மெல்லக் கேட்டார். ஐந்தில் மூன்றில் தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் பழுது. உதிரிப்பாகம் அவர்களுடைய ஊரிலேயே இல்லை. ஊரில் இல்லை என்பதையும் இங்கே வந்த பிறகுதான் அறிந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் சின்ன நாடொன்றின் கப்பல் தனியாக வந்தது. அதன் தேவைப் பட்டியல் மூன்று கிழமைக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தது; ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே, அது கிடைக்காவிட்டால் எது என்றும் எழுதியிருந்தது.

"அந்தச் சின்னக் கப்பல் எங்க வேணுமெண்டாலும் போய் நிக்கும்," என்றார். "மற்ற அஞ்சும் கொழும்புவரைக்கும் வரும்."

நான் விடவில்லை. "அப்ப பெரிசாய் இருக்கிறது பிழையோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை ஐசே. பெரிசுக்குப் பெரிய சட்டி வேணும் எண்டு சொல்லுறன். சட்டி இல்லாட்டி அது படை இல்லை, பசிச்ச கூட்டம். முதல்ல தன்ர ஊரைத்தான் தின்னும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முன்வரிசையில் கணக்கு ரியூசன் கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் இருந்தார். எங்கள் கட்டடத்திலேயே முதலாம் மாடி. அவருடைய தம்பி போரின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமற்போனவர். அது அந்தச் சபையில் எல்லோருக்கும் தெரியும்.

"எல்லா நாட்டுக் கதையும் சொன்னீர்," என்றார் மாஸ்டர். "எங்கட நாட்டுப் படையைப் பற்றி என்ன சொல்லுறீர்?"

கொழும்புச் சபையொன்றில் யாரும் எழுப்பாத கேள்வி. கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வெளியே பார்த்தார்கள். அண்ணை கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு சாதாரணமாக, வெங்காய விலை சொல்கிறவரைப் போலச் சொன்னார்.

"அந்த நாளில நான் கொட்டாஞ்சேனையில இருந்தனான். ஒழுங்கை முடக்கில ஒரு காவலரண். அங்க நிக்கிற பொடியளுக்குப் பகல் பன்னிரண்டு நாப்பதுக்குச் சாப்பாட்டு லொறி வரும். பதினொரு வருசம் பாத்தனான். மழைக்கும் வரும், ஊரடங்குக்கும் வரும். கிட்டடியில குண்டு வெடிச்ச அண்டைக்கும் வந்தது. அண்டைக்கு நாலு நிமிசம் பிந்தினது. துவக்கோட நிண்ட பொடியளைப் பாத்து நான் பயந்ததில்லை. அந்த லொறியைப் பாத்துத்தான் பயந்தனான். சந்தியில நிக்கிறவனுக்கே சாப்பாடு பிந்தாத படை எவ்வளவு காலத்துக்கும் நிக்கும். முடிவு எனக்கு அப்பவே விளங்கீட்டுது."

மாஸ்டர் எழுந்து நின்றார். "இதைச் சொல்ல உமக்கு எப்பிடி மனம் வந்தது?"

"மனம் வரேல்லை மாஸ்டர். மணிக்கூட்டைத்தான் பாத்தனான்."

மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அன்று முதல் படிக்கட்டில் கண்டாலும் இருவரும் பேசுவதில்லை. அன்றைய நாட்குறிப்பில் "விவாதம். வெற்றி தோல்வி அறிவிக்கப்படவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து என் அட்டவணையில் ஒரு வரிசை கூடக் கீறினேன்: எத்தனை நாளைக்கு. ஒரு கட்டத்தையும் நிரப்ப முடியவில்லை. ஆட்தொகையைப் பறைசாற்றும் எந்த நாடும் அந்தக் கணக்கை வெளியே சொல்வதில்லை.

2022 வந்தது. எண்ணெய் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை; பங்குனியிலேயே பெற்றோல் வரிசைகள் தொடங்கிவிட்டன. யூன் நடுப்பகுதியில் ஓட்டோக்காரனின் பெற்றோல் தாங்கி வற்றியது; கதவுக்குப் பின்னால் இருந்த மற்ற இருவரும் அப்படியே. பஸ்களில் சனம் தொங்கியது; அக்கா வீட்டுக்குள் நடப்பார், வெளியே போகச் சக்கர நாற்காலி வேண்டும், அது பஸ்ஸில் ஏறாது. அம்புலன்ஸைக் கேட்கலாமே என்று நான் அண்ணையிடம் சொன்னதற்கு, "அது சாகக் கிடக்கிறவைக்கு. இவ சாகக் கிடந்தாக் கேப்பம்," என்றார்.

செயலாளர் என்ற முறையில் நான் இறங்கினேன். இரண்டு பின்னேரம் செலவழித்து ஒரு பட்டியல் தயாரித்தேன். எங்கள் கட்டடத்தில் இருந்த வாகனங்கள் இருபத்திரண்டு. உரிமையாளர் பெயர், மாடி, வாகன இலக்கம், தொலைபேசி எண், முறை வரும் கிழமை. சிவப்பு மையில் தலைப்பு. எல்லோரும் சம்மதித்துக் கையொப்பமும் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியை மாற்றிப் போட்டார். "வடிவாய் இருக்கு ஐசே." நான் காத்திருந்தேன். "எத்தனை நாளைக்கு?"

"இருபத்திரண்டு வாகனம் அண்ணை! கிழமைக்கு இரண்டு பயணம். ஓராளுக்குப் பதினொரு கிழமைக்கு ஒருக்காத்தான் முறையே வரும்."

"தாங்கிக்குள்ள எட்டிப் பாத்தனீரோ?"

"சனம் சொன்னாச் செய்யும்."

"செய்யும். ஏலுமெண்டால் செய்யும்."

அக்கா தேத்தண்ணியோடு வந்தார். நான் குடிக்காமல் படியேறிவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அவர் ஒரு நன்றிகெட்ட மனிதராகவே தெரிந்தார். அடுத்த நாட்களில் அவர் கையில் என் பட்டியலோடு கார் நிறுத்துமிடத்தில் நடந்து திரிவதைக் கண்டேன். கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

பட்டியல் நான்கு பயணம் ஓடியது. யூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். அடுத்த செவ்வாய்க்கு முதல் நாள், திங்கட்கிழமை காலையிலிருந்து நான் தொலைபேசியும் கையுமாக இருந்தேன். முறைகாரர் வரிசையில் நின்றார். வரிசையை விட்டு வந்தால் மூன்று நாள் காத்திருந்தது வீண். அடுத்தவர் கால்வாசித் தாங்கிப் பெற்றோலைத் தாயின் அவசரத்துக்கென்று வைத்திருந்தார். வேண்டுமென்றால் எடுங்கோ என்றார், நான் வேண்டாம் என்றேன். இன்னொருவரிடம் பெற்றோல் இருந்தது, ஓடாமல் நின்று பற்றறி செத்துவிட்டது. ஒருவரும் கெட்டவர்கள் அல்லர். இருபத்திரண்டு பேருக்கும் எடுத்து முடிக்கப் பின்னேரம் நாலரை. போன வெள்ளியிலிருந்து அக்காவின் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன.

கீழே இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன். அவர் விறாந்தையில் சக்கர நாற்காலியைக் கவிழ்த்துவைத்து அச்சுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒண்டும் சரிவரேல்லை."

"தெரியும். நாளைக்கு விடிய அஞ்சேமுக்காலுக்குக் கீழ நில்லும். செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாரும்."

பிறகுதான் எனக்கு விபரம் தெரிந்தது. கீழே துணிக்கடை வைத்திருக்கும் நானா சொன்னார். அவர் பேருவளைப் பக்கத்து முஸ்லிம், கட்டடத்தில் எல்லோருக்கும் நானாதான், அண்ணன் என்று அர்த்தம்.

"ஒங்களுக்குத் தெரியாதா? போன ஞாயித்துக்கெழம அந்த நாற்காலியில ரெண்டு அரிசி மூட்டய வெச்சு, ஓட்டோக்காரனும் ஐயாவுமாச் சேர்ந்து களுபோவிலவரைக்கும் தள்ளிட்டுப் போனாங்களே. சனமெல்லாம் பாத்துச் சிரிச்சிச்சு. நானும்தான் சிரிச்சேன். திரும்பி வந்து எழுபத்தொரு நிமிசம்னு சொல்றாரு. அப்புறம் என்னயப் பாத்து, நானா கட தொறக்கிறது ஒம்பதுக்குத்தானேன்னு கேட்டாரு. சிரிச்சதுக்குத் தண்டனன்னு நெனச்சிட்டு, வாரேன்னு சொல்லிட்டேன்."

செவ்வாய் காலை ஐந்து நாற்பத்தைந்துக்கு நான் கீழே இறங்கியபோது மூன்று பேர் நின்றார்கள். நானா. ஓட்டோக்காரன், "பெத்ரோல் நே அங்கிள், மம இன்னவா," என்று சிரித்தான். பெற்றோல் இல்லை, நான் இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்றாவதாக, குடையோடு மாஸ்டர்.

அண்ணை அக்காவை நாற்காலியில் இருத்தி வெளியே கொண்டுவந்ததும் மாஸ்டர் முந்திக்கொண்டார். "நான் உமக்காக வரேல்லை. அக்காவுக்காக வந்தனான்."

"ஆருக்காக எண்டு நான் கேக்கேல்லை மாஸ்டர். அஞ்சு நிமிசம் முந்தி வந்திட்டீர். அது போதும்."

இருவர் தள்ள, ஒருவர் குடை பிடிக்க, ஒருவர் தண்ணீர்ப் பையோடு கைவீசி நடக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும். அவர் முன்னால் மணிக்கூட்டோடு நடந்தார், பள்ளம் கண்டால் கையைத் தூக்கினார். சரியாக ஆறுக்குப் புறப்பட்டோம்.

காலி வீதி வெறுமையாக இருந்தது. ஓடுகிற வாகனம்தான் இல்லை. நிற்கிற வாகனங்கள் தெகிவளைப் பாலத்துக்கு இப்பாலிருந்தே வீதியோரமாக ஒன்றின் பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. கதவுகளைத் திறந்துவைத்து உள்ளே மடங்கிப் படுத்திருந்தார்கள். சிலர் போத்தல் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். பாலம் தாண்டிச் சிறிது தூரத்தில் வெள்ளைக் கார் ஒன்றைக் கண்டேன். இலக்கத்தைப் பார்த்ததும் தெரிந்தது. என் பட்டியலில் ஏழாவது. அதற்கு இரண்டு கார் முன்னால் பன்னிரண்டாவது. பிறகு மூன்றாவது. எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை: எங்கள் கட்டடத்து வாகனங்கள் ஒன்பது அந்த வரிசையில் நின்றன.

அக்காவும் கண்டுவிட்டார். "இஞ்சாருங்கோ," என்று முன்னால் நடந்தவரைக் கூப்பிட்டார். "எங்கட படை முழுக்க இஞ்ச அணிவகுத்து நிக்குது."

அவர் திரும்பவில்லை. அக்கா வலது கையை உயர்த்தி, அணிவகுப்பைப் பார்வையிடுகிறவரைப் போல அசைத்தார். ஏழாவது காரின் சொந்தக்காரர், நாலாம் மாடி வங்கிக்காரத் தம்பி, கலைந்த தலையோடு இறங்கி ஓடிவந்தார்.

"அன்ரி, சொறி அன்ரி... நான் மூண்டு நாளாய் இதிலதான்..."

"பரவாயில்லை தம்பி. நிமிர்ந்து நில்லும். நான் பாத்துக்கொண்டு போறன்."

நானா குடையைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தள்ளிக்கொண்டிருந்த மாஸ்டரும் சிரித்தார். அந்த விவாத நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. வங்கிக்காரத் தம்பி தன் காரைப் பின்னால் நின்றவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அடுத்த சந்திவரை என் கைப்பிடியை வாங்கித் தள்ளினார். சிரிக்காதவர் ஒருவர்தான். மணிக்கூட்டைப் பார்த்து, "மூண்டு நிமிசம் பிந்தீட்டம்," என்றார்.

ஏழு பதினாலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். அக்காவை உள்ளே எடுத்த பிறகு அவர் வெளிச்சுவரோரம் குந்தினார். எழும்ப முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது, எப்போதிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

இப்படி ஏழு தடவை போய்வந்தோம். ஒரு தடவை மழை, ஒரு தடவை ஊரடங்கு. வைத்தியக் கடிதத்தைக் காட்டிப் போனோம். அதன் பிறகு அட்டை முறையில் பெற்றோல் வந்தது, ஓட்டோ ஓடியது. கட்டடத்து வாகனங்களும் பழையபடி ஓடத் தொடங்கின. பட்டியலைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

அக்கா அடுத்த வருடம் ஒரு பகல் தூக்கத்தில் போனார். செத்தவீட்டில் அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்: "ஒரு முறையும் தவறேல்லை ஐசே." மாஸ்டர்தான் முன்னின்று எல்லாம் செய்தார். ஆறு மாதம் கழித்து, கனடாவில் இருந்த மகள் வந்து அண்ணையை அங்கே கூட்டிப்போனாள். போகிற அன்று வாகனத்தில் ஏறுமுன் மடித்த தாளொன்றைத் தந்தார். "உம்மட கொப்பிக்குள்ள வையும்." சென்ற வருடம் அங்கேயே காலமானார்.

அது என் பட்டியல்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால், சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். "கால் தாங்கி." "பற்றறி போகும்." "தாய்க்கு வேணும், நியாயம்." "வருவன் எண்டார், வரமாட்டார்." இருபத்திரண்டுக்கும் இருந்தது. பின்பக்கம் திருப்பினேன். மேலே திகதி. நான் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்து, தேத்தண்ணி குடிக்காமல் கோபித்துக்கொண்டு படியேறிய அதே ஞாயிற்றுக்கிழமை. அதன் கீழே நாலே நாலு வரி.

"ஓட்டோ: பெற்றோல் முடியும், ஆள் முடியாது. வருவான்.

நானா: கடை ஒன்பதுக்கு. வருவார்.

மாஸ்டர்: கோபம். வருவார்.

செயலாளர்: கார் இல்லை, தன்னைப் பட்டியலில் எழுதேல்லை. வருவார்."